டேராடூன்: வறண்டு கிடக்கும் ஆறுகள் ஓரிரவில் ஊரைப் புரட்டுவது ஏன்?

2025 செப்டம்பர் 15 இரவு தொடங்கி மறுநாள் காலை வரை கொட்டிய மழையில் உத்தராகண்டின் டேராடூன் மாவட்டத்தில் சஹஸ்ரதாரா கடைத்தெரு சிதைந்தது. தம்சா ஆற்றங்கரையில் இருக்கும் டப்கேஷ்வர் சிவன் கோயில் வளாகம் வெள்ளத்தில் மூழ்கியது. பிரேம்நகர் அருகே நெடுஞ்சாலைப் பாலம் ஒன்று சேதமடைந்தது. இது முதல் தடவை அல்ல. 2022 ஆகஸ்டில் மால்தேவ்தா பகுதி இதே கதிக்கு ஆளானது. 2021 ஆகஸ்டில் ரிஷிகேஷ் போகும் சாலையில், ராணிபோக்ரியில் ஜாக்கன் ஆற்றுப் பாலம் இடிந்து விழுந்தது.

இந்த ஆறுகளை டிசம்பரிலோ ஏப்ரலிலோ பார்த்தவர்களுக்கு இந்தச் செய்திகள் நம்பும்படியாக இருக்காது. அரை கிலோமீட்டர் அகலத்துக்கு வெறும் கூழாங்கல், நடுவில் கணுக்கால் நனையும் ஓடை, அவ்வளவுதான். பல இடங்களில் அந்த ஓடையும் இருக்காது. மழை அதிகமானதால் வெள்ளம் வந்தது என்பது பாதி விடைதான். மீதி விடை மாவட்டத்தின் அடியில் கிடக்கும் மண்ணில் இருக்கிறது. இங்கே போர் நடந்த இடம், கால்வாய் போன வழி, சுற்றுலாத் தலம் உருவான இடம் எல்லாமே அந்த மண்ணையும் அதற்குள் போகும் நீரையும் ஒட்டித்தான் அமைந்தன.

நில அமைப்பு: தெற்கிலிருந்து வடக்காக

மாவட்டத்தின் பரப்பு 3,088 சதுர கி.மீ. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 17 லட்சம். தெற்கிலிருந்து போனால் நான்கு பட்டைகளைக் கடக்க வேண்டும்.

1. சிவாலிக் குன்றுகள். சஹாரன்பூர் சமவெளி முடிந்ததும் மோகண்ட் அருகே எழும் தாழ்ந்த மலைத்தொடர். இறுகாத மணற்கல்லும் சரளையும் சேர்ந்தது. இமயமலையில் வயது குறைந்த பகுதி இதுதான். சால் மரக்காடு இதை மூடியிருக்கிறது.

2. தூன். சிவாலிக்குக்கும் உள் இமயமலைக்கும் இடையில் நீளவாக்கில் கிடக்கும் பள்ளத்தாக்கைத் தூன் என்பார்கள். இமயத்தின் அடிவாரத்தில் இப்படிப் பல தூன்கள் உண்டு. மேற்கே யமுனை, கிழக்கே கங்கை என இரு எல்லைகளுக்குள் ஏறக்குறைய 80 கி.மீ. நீளமும் 20 கி.மீ. அகலமும் கொண்ட டேராடூன் பள்ளத்தாக்கு அவற்றில் பெயர்பெற்றது. நகரம் இருப்பது கடல்மட்டத்திலிருந்து சுமார் 640 மீட்டர் உயரத்தில்.

3. முசோரி மலைத்தொடர். தூனின் வடக்குச் சுவர். தூனின் தரையிலிருந்து சட்டென்று 2,000 மீட்டருக்கு மேல் எழுகிறது. சுண்ணாம்புக்கல் நிறைந்தது.

4. ஜௌன்சார்-பாவர். வடமேற்கில் யமுனைக்கும் பெரிய டோன்ஸ் ஆற்றுக்கும் இடைப்பட்ட உயர்மலைப் பகுதி. சக்ராதா, கால்சி, தியூனி வட்டங்கள் இதில் அடங்கும். மொழியும் வழிபாடும் தூனிலிருந்து வேறுபட்டவை.

தூனின் இரு பக்கமும் நிலப்பிளவுகள் ஓடுகின்றன. வடக்கே முசோரி மலையடியில் இமயத்தின் முதன்மை எல்லைப் பிளவு, தெற்கே சிவாலிக்கின் முகப்பில் முன்முகப் பிளவு. இந்தியத் தட்டு வடக்கே நெருக்கிக்கொண்டே இருப்பதால் இவை இன்னும் உயிருள்ள பிளவுகள். 1905 ஏப்ரல் 4 அன்று இமாசலத்தின் காங்ராவைச் சிதைத்த நிலநடுக்கம் நெடுந்தொலைவு தள்ளியிருந்த டேராடூன், முசோரி பகுதியிலும் தனியாக ஒரு சேத வட்டத்தை உண்டாக்கியது.

நீர் ஒளிந்து ஓடும் விதம்

முசோரி மலை நொறுங்கிக்கொண்டே இருக்கிறது. நொறுங்கிய கல்லை ஓடைகள் கீழே உருட்டி வந்து, சரிவு குறையும் இடத்தில் விசிறி விரித்தது போல் பரப்பிவிடுகின்றன. பல்லாயிரம் ஆண்டுகளில் இந்த வண்டல் விசிறிகள் ஒன்றோடொன்று சேர்ந்து தூனை நிரப்பிவிட்டன. டேராடூன் நகரமே அப்படி ஒரு விசிறியின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. இதிலிருந்து வரிசையாகச் சில விளைவுகள் பிறக்கின்றன.

1. சரளையில் இடைவெளி அதிகம். மலையடியில் இறங்கும் ஓடைநீர் கொஞ்ச தூரத்திலேயே கல்லுக்குள் இறங்கிவிடும். ஆறு வறண்டதாகத் தெரியும், நீரோ அடியில் போய்க்கொண்டிருக்கும். இத்தகைய பருவகால ஆறுகளை உள்ளூரில் ராவ் என்கிறார்கள்.

2. அதனால் ராஜ்பூர் போன்ற மேல்பகுதிகளில் நிலத்தடி நீர்மட்டம் மிக ஆழத்தில் இருக்கும். சாதாரணக் கிணறு தோண்டி நீர் எடுப்பது கடினம்.

3. விசிறியின் அடிவிளிம்பில், தூனின் நடு அச்சை ஒட்டி, அதே நீர் ஊற்றாக வெளிப்படும். கிளெமென்ட் டவுன் சுற்றுப்புறத்திலிருந்து தோய்வாலா வரையிலான சதுப்புகளும் சுஸ்வா ஆறும் இப்படி உயிர் பெறுபவை. ஒரு காலத்தில் கிழக்குத் தூன் மலேரியாவுக்குப் பேர்போன இடமாக இருந்ததற்கும் இதுவே காரணம்.

4. மழை நிதானமாகப் பெய்தால் சரளை குடித்துவிடும். ஒரே இரவில் கொட்டினால் குடிக்க நேரம் கிடைக்காது. நீர் மேலேயே பாயும். கட்டுப்பாடற்ற சரளைப் படுகை என்பதால் ஆறு தன் தடத்தை ஒரே இரவில் மாற்றிக்கொள்ளும்.

கடைசியாகச் சொன்னதுதான் பாலங்களுக்கு எமன். இந்த வெள்ளம் வெறும் நீர் அல்ல. பாறாங்கற்களும் வேரோடு பிடுங்கிய மரங்களும் அதில் உருண்டு வரும். பாலத்தூணின் அடியில் உள்ள சரளையை அரித்து எடுத்துவிட்டால் மேலே எவ்வளவு கான்கிரீட் இருந்தும் பயனில்லை. ஆற்றுமணலும் சரளையும் அள்ளி எடுக்கப்பட்ட இடங்களில் படுகை ஏற்கெனவே தாழ்ந்திருக்கும். அங்கே அரிப்பு இன்னும் எளிது.

டேராடூனின் ஆண்டு மழை சராசரியாக 2,000 மி.மீ. அளவில். சென்னைக்குக் கிடைப்பது சுமார் 1,400 மி.மீ. தூனின் மழையில் பெரும்பகுதி ஜூன் பிற்பகுதியிலிருந்து செப்டம்பருக்குள் முடிந்துவிடும். 1966 ஜூலை 25 அன்று 24 மணி நேரத்தில் 487 மி.மீ. பதிவானது. தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்று முசோரிச் சுவரில் மோதி மேலெழுவதுதான் இவ்வளவுக்கும் காரணம். சிவாலிக் அதைத் தடுக்கும் அளவுக்கு உயரமில்லை.

மேகவெடிப்பு என்ற சொல்லைச் செய்திகள் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. வானிலைத் துறையின் வரையறைப்படி, 20 முதல் 30 சதுர கி.மீ. பரப்பில் ஒரு மணி நேரத்தில் 100 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அது மேகவெடிப்பு. மலை மடிப்புகளுக்குள் மழைமானிகள் குறைவு என்பதால் பல சம்பவங்களை உறுதிப்படுத்த முடிவதில்லை. இங்கே பேரழிவு நேர்வதற்கு மேகவெடிப்பு தேவையும் இல்லை. ஏற்கெனவே நனைந்த சரிவில் சில மணி நேரக் கனமழையே போதும்.

ஒரு நகரம், இரண்டு நதிகள்

வரைபடத்தில் எளிதாகக் கண்ணில் படாத ஒன்று: டேராடூன் ஒரு நீர்ப்பிரிமேட்டின் மேல் இருக்கிறது. நகருக்குள் ஓடும் ரிஸ்பனாவும் பிந்தாலும் சுஸ்வாவில் சேர்ந்து, சோங் ஆறு வழியாகக் கங்கைக்குப் போகின்றன. மேற்குப் பக்கத்துத் தம்சா ஆசன் ஆற்றில் கலந்து யமுனைக்குப் போகிறது. தம்சாவுக்கும் டோன்ஸ் என்ற பெயர் உண்டு. ஜௌன்சாரில் ஓடும் பெரிய டோன்ஸோடு இதைக் குழப்பிக்கொள்ளும் செய்திகள் ஏராளம். நகரின் ஒரு தெருவில் விழும் மழை கங்கைக்கும் அடுத்த பேட்டையில் விழுவது யமுனைக்கும் போய், பிரயாக்ராஜில்தான் மறுபடி சந்திக்கும்.

நடைமுறையில் இதன் பொருள், மலைமுகட்டில் எங்கே கொட்டுகிறது என்பதைப் பொறுத்து பாதிக்கப்படும் பகுதி முழுதாக மாறும் என்பது. மால்தேவ்தா, தோய்வாலா வழி சோங்குக்கு ஒரு கணக்கு. டப்கேஷ்வர், பிரேம்நகர் வழி தம்சாவுக்கு வேறு கணக்கு. 2025இல் இரண்டு பக்கமும் சேர்ந்து பாதிக்கப்பட்டதே அந்த மழை எவ்வளவு அகலமாகப் பெய்தது என்பதைக் காட்டுகிறது.

மனிதர் சேர்த்த பங்கு

முசோரிச் சுண்ணாம்புக்கல் தன் வெடிப்புகளில் மழைநீரைத் தேக்கி, ஆண்டு முழுவதும் ஊற்றுகளுக்குக் கொடுக்கிறது. சுண்ணாம்புக் குவாரிகள் அந்தத் தேக்கத்தையே வெட்டி எடுத்தன, கழிவுக் கல்லை ஓடைகளில் தள்ளின. இதை எதிர்த்து டேராடூனிலிருந்து 1983இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கில் 1985 மார்ச்சில் பல குவாரிகளை மூட ஆணை வந்தது. இந்தியச் சூழலியல் வழக்குகளின் வரலாற்றில் முன்னோடி என்று சொல்லத்தக்க ஆணை அது. தொடர்ந்து 1989இல் மத்திய அரசு தூன் பள்ளத்தாக்குக்கென்றே ஓர் அறிவிக்கை வெளியிட்டு, சுரங்கம், தொழிற்சாலை, நிலப்பயன்பாடு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தியது. அந்த அறிவிக்கை 2025இல் திரும்பப் பெறப்பட்டது.

குவாரிகள் நின்றன, கட்டடங்கள் நிற்கவில்லை. 2000 நவம்பர் 9 அன்று உத்தராகண்ட் தனி மாநிலமானதும் டேராடூன் தற்காலிகத் தலைநகரானது. அதன் பிறகு ரிஸ்பனா, பிந்தால் படுகைகளுக்குள்ளேயே குடியிருப்புகள் இறங்கின. சட்டமன்றக் கட்டடம் இருப்பதே ரிஸ்பனா பாலத்தை ஒட்டித்தான். ஆற்றுப்படுகை பத்து மாதம் வறண்டு கிடந்தால் அதைக் காலிமனை என்று நினைக்க யாருக்கும் ஆசை வரும். ஆனால் சரளைப் படுகையில் ஆற்றின் அகலம் என்பது இன்று நீர் ஓடும் அகலம் அல்ல, வெள்ளம் விரிந்தால் எடுத்துக்கொள்ளும் அகலம். பாசுமதி வயல்களும் லிச்சித் தோப்புகளும் வீட்டுமனைகளானதில் நீரை உறிஞ்சும் நிலம் சுருங்கியது.

வரலாறு: நீர் இழுத்த வழியில்

கால்சி. யமுனை மலையை விட்டு வெளியேறும் இடம், மலையும் சமவெளியும் பண்டம் மாற்றிக்கொண்ட வாசல். அசோகர் தம் பாறைக் கட்டளைகளைப் பொறிக்க இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு விளக்கம் தேடத் தேவையில்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 14 கட்டளைகளும் ஒரே படிகக்கற்பாறையில், பிராமி எழுத்தில் இருக்கின்றன. பக்கவாட்டில் யானை உருவமும் உண்டு. தமிழ் வாசகர் இந்தப் பாறையைத் தேடிப்போய்ப் பார்க்கக் காரணம் இருக்கிறது. இரண்டாம் கட்டளை சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாம்பரபரணி (இலங்கை) என்று தெற்கை வரிசையாகச் சொல்கிறது. அந்தச் சத்தியபுத்திரர் அதியமான் மரபினரே என்பதற்குத் திருக்கோவலூர்ப் பக்கத்து ஜம்பைக் கல்வெட்டு சான்றாகக் காட்டப்படுகிறது. கால்சிக்கு அருகிலேயே ஜகத்கிராமில் சீலவர்மன் என்ற அரசன் அசுவமேத யாகம் செய்த செங்கல் வேள்விமேடைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. காலம் ஏறத்தாழ கி.பி. 3ஆம் நூற்றாண்டு.

நகரத்தின் தொடக்கம். ஏழாம் சீக்கிய குரு ஹர் ராயின் மூத்த மகன் ராம் ராய் 1676இல் தூனுக்கு வந்து தங்கினார். அவர் தங்கிய முகாமான தேராவைச் சுற்றி வளர்ந்ததே இன்றைய நகரம். முகலாயப் பாணியில் எழுந்த தர்பார் சாஹிப் கடைவீதி நடுவே இருக்கிறது. ஹோலி முடிந்த ஐந்தாம் நாள் அங்கே நெடிய கொடிமரம் மாற்றும் ஜண்டா திருவிழா நடக்கும்.

நாலாபானி. 1804இல் கர்வால் மன்னர் பிரத்யுமன் ஷா குர்புராப் போரில் இறந்தபின் தூன் நேபாளக் கூர்க்கர் கையில் இருந்தது. 1814 அக்டோபர் இறுதியில் ஆங்கிலேயர் நாலாபானிக் குன்றின் மேலிருந்த கலங்கா கோட்டையைத் தாக்கினர். முதல் தாக்குதலிலேயே படைத்தலைவர் ரோலோ கில்லெஸ்பி சுடப்பட்டு இறந்தார். 1806 வேலூர்ப் புரட்சியை ஆற்காட்டிலிருந்து குதிரையில் விரைந்து வந்து அடக்கிய அதே கில்லெஸ்பிதான். பல்பத்ர குன்வரின் தலைமையில் சுமார் 600 பேர் ஒரு மாதம் தாக்குப்பிடித்தனர். கோட்டைக்குள் நீர் ஊற்று இல்லை. வெளியிலிருந்து வந்த நீரை ஆங்கிலேயர் அடைத்ததும் நவம்பர் 30 அன்று எஞ்சியவர்கள் வெளியேறினர். நீர் தங்காத குன்றின் உச்சியில் கோட்டை கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு மாவட்டத்தில் இல்லை. சஹஸ்ரதாரா சாலையில் இரண்டு நினைவுத்தூண்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று கில்லெஸ்பிக்கும் அவர் படைக்கும், இன்னொன்று எதிர்த்து நின்ற பல்பத்ரருக்கும் கூர்க்கருக்கும்.

கால்வாய்கள். மேலே ஓடை, நடுவில் வறட்சி, கீழே சதுப்பு என்றால் தீர்வு ஒன்றுதான்: சரளை குடிக்குமுன் நீரை மலையடியிலேயே பிடித்துக் கால்வாயில் கொண்டுபோக வேண்டும். ராஜ்பூர் கால்வாய் ஆங்கிலேயருக்கு முந்தையது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் பொறியாளர் ப்ரோபி காட்லி தூனில் மேலும் கால்வாய்களை அமைத்தார். பின்னாளில் கங்கைக் கால்வாயைக் கட்டியவரும் அவரே. பாசுமதியும் லிச்சியும் இந்தக் கால்வாய்நீரில் வளர்ந்தவை. இன்று ஈஸ்ட் கெனால் ரோடு என்ற பெயர் இருக்கிறது, கால்வாய் சாலைக்கு அடியில் போய்விட்டது.

நில அளவை. 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலையருகே ஆங்கிலேய அதிகாரி லாம்டன் துல்லியமாக அளந்த அடிக்கோட்டிலிருந்து (மற்றத் தொலைவுகளைக் கணக்கிட அடிப்படையான நேர்கோடு) தொடங்கிய பெரும் முக்கோண அளவைப் பணி, துணைக்கண்டத்தின் நடுவே வடக்கு நோக்கி வந்து தூனை எட்டியது. கணக்கைச் சரிபார்க்க நீண்ட சமதரை வேண்டும். சரளை நிரப்பிய தூன் அதைக் கொடுத்தது. 1834–35இல் இங்கே இன்னொரு அடிக்கோடு அளக்கப்பட்டது. அப்போது பணியின் தலைவர் ஜார்ஜ் எவரெஸ்ட். முசோரிக்கு மேற்கே ஹாத்தி பாவ் பக்கம் அவர் வாங்கிய பார்க் எஸ்டேட் வீடு இப்போதும் பார்க்கக் கிடைக்கிறது. இந்திய நில அளவைத் துறையின் தலைமையகம் டேராடூனில் இருப்பதும் இந்தத் தொடர்ச்சிதான். 1900இல் ஹரித்வாரிலிருந்து ரயில் வந்த பிறகு மற்ற நிறுவனங்கள் அடுக்கடுக்காக வந்தன: வன ஆராய்ச்சி நிறுவனம் 1906, ராணுவ அகாடமி 1932, டூன் பள்ளி 1935.

எங்கே போவது, எதை எதிர்பார்ப்பது

பயணத் திட்டங்களில் அடிக்கடி வரும் பிழை, மாவட்ட எல்லை. கெம்ப்டி அருவி டெஹ்ரி மாவட்டத்தில் இருக்கிறது. ரிஷிகேஷில் திரிவேணி படித்துறைவரை டேராடூன் மாவட்டம். ராம் ஜூலா தொங்குபாலத்தின் மேற்குமுனை டெஹ்ரி, கிழக்குமுனை பௌரி. பத்தமடையில் பிறந்த சுவாமி சிவானந்தர் நிறுவிய ஆசிரமம் முனி கி ரேத்தியில், டெஹ்ரி எல்லைக்குள். எச்சரிக்கை அறிவிப்பும் விடுமுறையும் சாலை மூடலும் மாவட்ட வாரியாக வருவதால் இது வெறும் தகவல் விளையாட்டு அல்ல. பழைய லக்ஷ்மண் ஜூலா 2019இல் பாதுகாப்பற்றது என மூடப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளவும்.

முசோரி, டேராடூன் நகரிலிருந்து சுமார் 35 கி.மீ. தொலைவில் இருக்கிறது. மே, ஜூன் வார இறுதிகளில் சாலை அடைத்துக்கொள்ளும், நீர்த்தட்டுப்பாடும் உண்டு. கூட்டமில்லாத முசோரி வேண்டுமானால் லண்டோர் பக்கம் போகலாம், அல்லது அக்டோபர், நவம்பரில் வரலாம். பனிமலைகள் தெளிவாகத் தெரிவதும் அப்போதுதான்.

சஹஸ்ரதாராவில் சுண்ணாம்புப் பாறையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும், கந்தக ஊற்றும் உண்டு. குச்சுபானி என்பது இறுகிய சரளைப்பாறையை ஓடை அறுத்து உண்டாக்கிய, ஏறக்குறைய 600 மீட்டர் நீளமுள்ள இடுக்கு. நீருக்குள் நடந்தே போக வேண்டும். தூனின் உட்புறம் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

கால்சியையும் ஆசன் தடுப்பணையையும் ஒரே நாளில் சேர்த்துப் பார்க்கலாம். ஆசன் யமுனையில் சேருமிடத்தில் தேங்கும் இந்த நீர்நிலை 2020இல் உத்தராகண்டின் முதல் ராம்சார் தலமானது (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம்). அக்டோபரிலிருந்து மார்ச் வரை துருநிற உடலுள்ள வாத்துகள் கூட்டமாக வந்து இறங்கும். இன்னும் வடக்கே லாகாமண்டல் சிவன் கோயிலும் ஹனோலில் மகாசு தேவதா கோயிலும் உண்டு. இரண்டுக்கும் மலைச்சாலையில் ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும். சக்ராதா ராணுவக் குடியிருப்பு, வெளிநாட்டவருக்குக் கட்டுப்பாடு உண்டு.

ராஜாஜி பெயர் தாங்கிய புலிகள் காப்பகம் டேராடூன், ஹரித்வார், பௌரி மூன்றிலும் விரிந்திருக்கிறது. நவம்பர் 15 முதல் ஜூன் 15 வரை திறந்திருக்கும். ராவ் படுகைகள்தான் உள்ளே ஜீப் போகும் பாதைகள். மழையில் மூடக் காரணமும் அதுவே.

மழைக்காலத்தில் போக நேர்ந்தால்

1. ஜூலை முதல் செப்டம்பர் நடு வரை ஓடைக்கரை விடுதிகளைத் தவிர்க்கவும். அறைக்கு முன்பதிவு செய்யும்போது விடுதி படுகையிலிருந்து எவ்வளவு உயரத்தில் என்று கேட்டுக்கொள்ளவும்.

2. வானிலைத் துறை ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை கொடுத்த நாளில் குச்சுபானி, சஹஸ்ரதாரா, மால்தேவ்தா மூன்றையும் விட்டுவிடவும். குச்சுபானி இடுக்கில் பக்கவாட்டில் ஏறித் தப்ப வழியில்லை.

3. தலைக்கு மேல் வெயில் அடிப்பது பாதுகாப்பு அல்ல. மலைமுகட்டில் பெய்த மழை சற்று நேரம் கழித்துத்தான் கீழே வந்து சேரும். முசோரிப் பக்கம் கறுத்திருந்தால் நீரை விட்டு ஏறிவிட வேண்டும்.

4. ஓடை திடீரெனக் கலங்கினாலோ, இலை, சுள்ளி அடித்து வந்தாலோ, காரணமின்றி நீர் குறைந்தாலோ உடனே கரையேறவும். நீர் குறைவது மேலே மண்சரிவு ஓடையை அடைத்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். அடைப்பு உடைந்தால் மொத்தமும் ஒரேயடியாக வரும்.

5. வறண்ட ராவில் வண்டி நிறுத்தக் கூடாது. தரைப்பாலத்தின் மேல் நீர் ஓடினால் ஆழம் முழங்காலுக்குக் கீழ் இருந்தாலும் கடக்கக் கூடாது. அடியில் கல் உருள்வது கண்ணுக்குத் தெரியாது.

6. ஜாலி கிராண்ட் விமான நிலையத்திலிருந்து திரும்புபவர்கள் சோங், ஜாக்கன் பாலங்களில் எது திறந்திருக்கிறது என்று கிளம்புமுன் உறுதிசெய்து, கூடுதலாக இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்வது நல்லது.